சம்சாரம் மட்டும் போதும்

"எல்லாம் வேணுமா அண்ணாச்சி, இல்ல வேண்டியது மட்டும் மதியா?"

வீடியோக் கடை பினு இப்படிக் கேட்டதும் சுப்புராஜுக்கு மனசு லேசானது. 'மதி' என்றால் போதும் என்று அர்த்தம். கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த எட்டு மாதத்தில் அவர் கற்றுக்கொண்ட நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. மற்றபடி கடைக்காரன் பேசியது தமிழ்தான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"இங்கத்தான். தாத்தாவுக்கு சங்கரன்கோவில். நான் அங்க போனதில்ல."

"அட, நம்ம பக்கம்! நமக்குக் கோவில்பட்டி."

அதற்குப் பிறகு சுப்புராஜ் ஜாக்கிரதையாக இருப்பதை விட்டுவிட்டார். மலையாளத்துக்காரனாக இருந்தால் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை கேட்டிருப்பார், கையால் காட்டியிருப்பார். இவன் நம்ம பையன். என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கிறது?

மேஜைமேல் ஏழு வீடியோ கேசட்டுகள் இருந்தன. பினு ஒன்றை எடுத்து மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே நாடாவின் ஓரமாக வெள்ளை பூத்திருந்தது.

"பூப்பல் பிடிச்சிருக்கே."

"பூஞ்சையா?"

"அதே. இந்த மழையில மனுஷனுக்கே பிடிக்கும். சாரமில்ல, கவலைப்படாதீங்க, சி.டி. ஆக்கிடலாம். ஆனா நேரம் எடுக்கும். மூணு மணிக்கூர் கேசட்டுன்னா மூணு மணிக்கூர் ஓடித்தான் தீரணும். ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து, எத்தனையாவது நிமிஷத்துல என்ன இருக்குன்னு எழுதணும். அதைப் பார்த்து நான் வெட்டுவேன்."

"யாரு உட்காருவா?"

பினு மூலையைக் காட்டினான். அங்கே அவன் அம்மா சரோஜம்மா காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடியில் முறம் வைத்துக் கொழுவா மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே சின்ன டி.வி.யில் யாருடைய ஞானஸ்நானமோ நடந்தது. குழந்தை வீறிட்டிருக்க வேண்டும். சரோஜம்மா முகம் சுளித்து, "ஸ்ஸ்... பாவம்" என்றாள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு திறந்து கிடந்தது.

"அப்ப என்ன வேணும்னு சொல்லுங்க அண்ணாச்சி."

சுப்புராஜ் தொண்டையைச் செருமினார். மனைவி லோகநாயகியின் பெயரைச் சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் அவர் அந்தப் பெயரை வெளி ஆள் முன்னால் சொன்னதில்லை. அவள் செத்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

"வண்டி, பாலம், ஸ்டேஷன் எல்லாம் வேண்டாம் தம்பி. சம்சாரம் இருக்குற இடம் மட்டும் போதும்."

"சம்சாரம் மட்டும்?"

"ஆமா. சம்சாரம் தெளிவா இருக்கணும். அதான் முக்கியம்."

"தெளிவில்லாத இடம்?"

"அதை விட்டுரு."

பினு நோட்டில் மலையாளத்தில் எழுதிக்கொண்டான். வேலை சுலபம் என்று அவன் முகம் சொன்னது. "பிறகு இந்தப் பழைய கேசட்டு எல்லாம் களையட்டா?"

ஊரில் அரிசியைத் தண்ணீரில் அலசுவதைத்தான் களைவது என்பார்கள். பூஞ்சை பிடித்த நாடாவையும் களைவார்கள் போலிருக்கிறது என்று சுப்புராஜ் நினைத்தார். பையனுக்குத் தொழில் சுத்தம்.

"நல்லாக் களைஞ்சிரு தம்பி. ஒண்ணு விடாமக் களைஞ்சிரு."

*

அவருக்கு வேண்டியிருந்தது உண்மையில் ஒரே ஒரு வாக்கியம்.

கோவில்பட்டி மில்லில் அவர் சூப்பர்வைசராக இருந்தபோது, துபாயிலிருந்து வந்த மச்சான் தோளில் வைத்துப் பிடிக்கும் பெரிய வீடியோ கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அது தொண்ணூற்று மூன்றில். அதிலிருந்து மில்லுக்கு லீவு விட்டால் சுப்புராஜ் ரயில் ஏறிவிடுவார். ஜன்னலோரம் அவருக்கு. எதிரே லோகநாயகி, மடியில் கேமராவின் பேட்டரிப் பெட்டியோடு.

தொண்ணூற்று ஏழில் மகள் கோமதியின் வளைகாப்புக்காக இரண்டு பேரும் தென்காசியில் கொல்லம் வண்டி பிடித்தார்கள். ஆரியங்காவுக்கு முன்னால் ஒரு நீளமான குகை வரும். வண்டி அதற்குள் நுழைந்து, பெட்டி முழுக்க இருட்டும் இரைச்சலுமாக இருந்தபோது, லோகநாயகி அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். மூச்சு கன்னத்தில் பட்டது. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அவர் கவனமெல்லாம் குகை வாய் எப்போது வெளிச்சமாகும் என்பதில் இருந்தது.

"சரி, சரி" என்று தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரி விழுந்திருக்கும் என்று நினைத்தார். பிறகு கொல்லம் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், சுற்றி ஆள் இருக்கும்போதே. "உங்க மனசு யாருக்கும் வராது" என்று வேறு சொன்னாள். பேரப்பிள்ளை வரப்போகிற சந்தோஷம் என்று விட்டுவிட்டார்.

போன ஆடியில், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் அந்தக் குகை அவர் ஞாபகத்துக்கு வந்தது. வந்தது போகவில்லை. என்ன சொல்லியிருப்பாள்? வெளிச்சத்தில் சொல்ல முடியாததைத்தானே இருட்டில் சொல்வார்கள்? நெஞ்சு வலிக்கிறது என்று அப்போதே சொன்னாளா? அவர் சரி, சரி என்றாரா? எட்டு வருஷத்துக்கு முந்திய வலிக்கும் இந்தச் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று பகலில் கேட்டுக்கொள்வார். படுத்தால் சம்பந்தம் வந்துவிடும்.

கேமரா குகைக்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது ஒன்றுதான் நம்பிக்கை. அவர் காதுக்குக் கேட்காதது அதற்குக் கேட்டிருக்கலாம். போட்டுப் பார்க்கத்தான் இப்போது எந்த வீட்டிலும் வி.சி.ஆர். இல்லை. ஒன்பது நாளில் முதல் வருஷத் திதி வருகிறது. அதற்குள் தெரிந்துவிட்டால் அவள் படத்தின் முன்னால் நின்று ஏதாவது பதில் சொல்லலாம்.

*

பத்தாம் கிளாஸ் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி அவர் வீட்டில் ஐந்து நாள் உலவினார். வீடு என்றால் மருமகன் ராமரின் வீடு. கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டுகிற ராமர், பிறந்ததிலிருந்தே மட்டாஞ்சேரிக்காரர். அதிகம் பேசாத ஆள். மாமனார் அவரிடம் பேசுவதே இல்லை. அதற்குக் காரணம் பாம்பன் பாலம்.

தொண்ணூற்று ஆறில் சுப்புராஜ் பாம்பன் பாலத்தைப் படம் பிடித்தார். கடலுக்கு மேலே வண்டி ஊர்ந்து போக, ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் பன்னிரண்டு நிமிஷம். அலையின் துளி கேமராக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்து வழிவதுகூட அதில் உண்டு. தன் வாழ்க்கையில் தான் செய்த உருப்படியான காரியம் என்று அதைத்தான் நினைத்தார். தலைப்பொங்கலுக்கு அந்தக் கேசட்டை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து, சம்பந்தி வகையறா மொத்தத்துக்கும் போட்டுக் காட்டினார்.

மூன்றாம் நாள் மறுபடி போட்டபோது, பாதிப் பாலத்தில் கடல் காணாமல் போனது. ஒரு பெண் நிதானமாக மலையாளத்தில் செய்தி வாசித்தாள். அரை மணி நேரம் வாசித்தாள்.

அந்த வீட்டில் தினம் தவறாமல் மலையாளச் செய்தி பார்க்கிறவர் ஒருவர்தான்.

"மாப்பிள்ளைகிட்டக் கேட்டுரவா?" என்று அன்றைக்கு லோகநாயகியிடம் கேட்டார்.

"ஐயையோ, வேண்டாம்" என்று அவள் பதறினாள். "கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகல. ஒரு பாலத்துக்காகவா?"

அவர் கேட்கவில்லை. ஒன்பது வருஷமாகக் கேட்கவில்லை. பேசவும் இல்லை. பெண்டாட்டி போன பிறகு அந்த மனிதரின் வீட்டிலேயே வந்து, அவர் வாங்கிப் போடுகிற மீனைத் தின்றுகொண்டு, அப்போதும் பேசவில்லை. தேவையானதைப் பேத்தி அம்பிளி வழியாகச் சொல்லி அனுப்பினார். எட்டு வயதுக்கு அவள் நல்ல தபால்காரி.

*

சி.டி. வந்த சாயங்காலம் எல்லாரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். ராமர் கதவோரமாக நின்றார். கோமதி அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று முந்தானையை வாய்க்குத் தயாராக வைத்திருந்தாள்.

"வணக்கம். இப்ப நாம பாத்துக்கிட்டிருக்கறது சாத்தூர் ஸ்டேஷன்" என்றது சுப்புராஜின் குரல்.

வெட்டு.

"இது வைப்பாறு. தண்ணியில்ல."

வெட்டு.

"இஞ்சின் மாத்துறான். இந்த இஞ்சினைப் பத்திச் சொல்லணும்னா..." அதைப் பற்றி நாலு நிமிஷம் சொன்னார்.

பத்து நிமிஷமாயிற்று. இருபது ஆயிற்று. லோகநாயகி வரவில்லை. ஒரு இடத்தில் வளையல் போட்ட கை வந்தது. ஒரு இடத்தில் அவள் வாயைத் திறந்தாள். "இரு, சிக்னல் விழுது" என்றது குரல். வெட்டு. இன்னொரு இடத்தில் "ஏங்க" என்றாள். "இரு, இரு." வெட்டு.

கோமதி முந்தானையைக் கீழே விட்டாள்.

"தாத்தா மூச்சே விடலை!" என்று அம்பிளி சிரித்தாள். "முழுக்கத் தாத்தாவோட சம்சாரம்தான்."

"சம்சாரமா? எங்கட்டி இருக்கா உங்க ஆச்சி? ஒரு இடத்துலகூடக் காணுமே! படிச்சுப் படிச்சுச் சொன்னேன், சம்சாரம் மட்டும் போதும்னு..."

கதவோரத்திலிருந்து ராமர் மகளைப் பார்த்துச் சொன்னார்: "இங்க சம்சாரம்னா பேச்சுன்னு தாத்தாகிட்டச் சொல்லு மோளே."

அம்பிளி திரும்பி, "தாத்தா, இங்க சம்சாரம்னா பேச்சு" என்றாள்.

கேட்டுவிட்டது. சுப்புராஜ் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குரல் ரயில்வே கேட்டுகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேசியிருக்கிறோமா? தான் பேச்சுக் குறைந்தவன், அவள்தான் தொணதொணப்பவள் என்றல்லவா முப்பத்தைந்து வருஷம் நினைத்தோம்? ஊரில் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவரே சொல்லி வைத்ததுதான்.

"முப்பத்தொண்ணு" என்றாள் அம்பிளி.

"என்னது?"

"தாத்தா ஆச்சிகிட்ட 'இரு' சொன்னது."

அப்போதுதான் திரை பளிச்சென்று வெளுத்தது. குகையின் வாய். "சரி, சரி" என்றது அவர் குரல். ஒரே ஒரு கணம் லோகநாயகியின் முகம் முழுதாக வந்தது. கண் நனைந்திருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பெரிய பாரத்தை இறக்கிவைத்தவள் சிரிப்பது மாதிரி. "இரு, பாலம் வருது" என்றது குரல். வெட்டு.

கோமதி அழுதாள். சுப்புராஜ் எழுந்து குடையைத் தேடினார்.

*

"சம்சாரம்னா பாரியையா?" பினு தலையில் கை வைத்துக்கொண்டான். "என்ட அண்ணாச்சி, அதை முதல்லயே சொல்ல வேண்டாமா?"

"அதைத்தானப்பா சொன்னேன்!"

"நானும் நினைச்சேன், இவருக்குத் தன்ட பேச்சுமேல இவ்வளவு பிரியமான்னு. ஆட்களுக்குப் பலவிதம் உண்டல்லோ. ஒருத்தர் வந்து நாய் குரைக்கறது மட்டும் மதின்னார்."

"போகட்டும். குகைக்குள்ள அவ பேசினாளே, அதுவும் பேச்சுத்தானே? அதை ஏன் வெட்டின?"

பினு நோட்டைப் புரட்டினான். "அங்க அம்மை 'இருட்டு'ன்னு எழுதியிருக்கு. ஒரே வண்டிச் சத்தம். தெளிவில்லாததை விட்டுரச் சொன்னீங்க."

"சரி தம்பி, தப்பு என்மேலதான். இப்ப அந்தக் கேசட்டை எடு. ஒண்ணும் வெட்டாம அப்படியே போடு."

பினு நோட்டை மூடினான்.

"எடுப்பா."

"நீங்கதானே அண்ணாச்சி களையச் சொன்னது?"

"ஆமா. களைஞ்சாச்சுல்லா?"

"களைஞ்சு ரெண்டு நாளாச்சு. முக்குல கார்ப்பரேஷன் தொட்டி இருக்கே, அதுல."

சுப்புராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். "களையத்தானே சொன்னேன். தூரப் போடவா சொன்னேன்?"

"களையறதுன்னா தூரப் போடறதுதானே?"

"உங்க வீட்டுல அரிசி களைய மாட்டீங்களா?"

"அரிசியை எதுக்கு அண்ணாச்சி களையணும்?" என்று பினு நிஜமான கவலையோடு கேட்டான். "சோறு வேண்டாமா?"

மூலை காலியாக இருந்தது. சரோஜம்மா மகள் வீட்டுக்குச் சுள்ளிக்கல் போயிருந்தாள். டி.வி.யில் ஒரு கல்யாணம் பார்ப்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

*

பினுவின் கடை இருக்கிற பஜார் ரோட்டுக் குப்பையை எடுப்பது ராமரின் லாரி.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சுப்புராஜ் இரண்டு தடவை அம்பிளியைக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை, ராமர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அம்பிளி, போன புதன்கிழமை எடுத்த குப்பையை எங்கே கொண்டுபோய்த் தட்டுனாங்கன்னு உங்க அப்பாகிட்டக் கேளு."

அம்பிளி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பா இங்கதானே இருக்கு. தாத்தாவே கேளு" என்றாள் தலை நிமிராமல்.

கோமதி கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒன்பது வருஷம் கட்டிக் காத்த ஒன்றை இப்படி ஒரு சாப்பாட்டு வேளையில் உடைக்கவேண்டி வரும் என்று சுப்புராஜ் நினைத்ததில்லை.

"கேசட்டு" என்றார். "ஏழு. குப்பையில போயிருச்சு. அதுல அவ பேசுதா."

ராமர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "எந்தத் தொட்டி மாமா?"

"முக்குத் தொட்டி."

"பார்க்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் ராமர் வேலை முடிந்து மூன்று மணி நேரம் பிந்தி வந்தார். வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் போட்டு, சோப்புத் தேய்த்து இரண்டு தடவை குளித்தார். கையில் கீறல்கள். கோமதி டிஞ்சர் போட்டாள். சுப்புராஜ் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்த மலையாளச் செய்திக்காரி நடுவில் வந்து நின்றாள்.

திதிக்கு முந்தின நாள் மத்தியானம் ராமர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஒண்ணுதான் கிடைச்சுது மாமா. பாக்கி எல்லாம் நசுங்கிப்போச்சு. செம்மீன் தொலிக்கு அடியில கிடந்தது."

சுப்புராஜ் பிரித்தார். லேபிளில் அவர் கையெழுத்தில் '97, கொல்லம் லைன்' என்று பாதி தெரிந்தது. ஏழில் அவருக்கு வேண்டிய ஒன்று. மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் எடுத்துவிட்டார்.

"ஒரே நாத்தம்" என்றார் ராமர், சந்தோஷம் தாங்காமல். "அதனால பைப்புல காட்டி, சோப்புப் பொடி போட்டு, நாடாவை எல்லாம் வெளியில இழுத்து நல்லாக் களைஞ்சேன் மாமா. நீங்க சொல்ற களையறது. பிறகு லாரி இஞ்சின் மேல வச்சு உணத்தினேன்."

*

பினு கேசட்டை வாங்கிப் பார்த்தான். ராமரைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் அரை மணி நேரம் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்தான். கோமதி அனுப்பிய சாயா ஃபிளாஸ்க்கோடு அம்பிளி பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாள். ராமர் வாசல் ஓட்டுக்கு அடியில், பாதி மழையில் நின்றார்.

"போடறேன் அண்ணாச்சி. ஒரு தடவைதான் ஓடும் போல."

திரையில் பூச்சி பறந்தது. மேலும் கீழுமாகப் படம் மடங்கியது. செங்கோட்டை ஸ்டேஷன் மாதிரி ஏதோ வந்தது. சுப்புராஜ் டி.வி.யின் மேல் காதை வைத்தார். மலை. மரம். பிறகு திரை கறுத்தது.

குகை.

ஸ்ஸ்ஸ் என்றது டி.வி. மழை பெய்கிற மாதிரி, எண்ணெய் காய்கிற மாதிரி, ஸ்ஸ்ஸ். அதற்குள் ஒரு பெண் குரல் இருக்கிறதா இல்லையா என்று தெரிவதற்குள் மெஷினுக்குள் டப்பென்று ஒரு சத்தம். பினு பாய்ந்து நிறுத்தினான். நாடா அறுந்து, சுருண்டு, வேகவைத்த கடல் பாசி மாதிரி அவன் விரலில் தொங்கியது.

"சாரி அண்ணாச்சி. உப்பும் சோப்பும் சேர்ந்து..."

சுப்புராஜ் நிமிர்ந்தார். வாசல் பக்கம் திரும்பினார்.

"நிம்மதியா?" என்றார்.

ராமர் புரியாமல் பார்த்தார்.

"அன்னைக்குப் பாம்பனை அழிச்சீங்க. கடல் மேல பன்னிரண்டு நிமிஷம். நான் வாயைத் திறக்கல. ஒம்பது வருஷமா மனசுலயே வச்சிக்கிட்டேன். இன்னைக்கு அவ குரலையும் சோப்புப் போட்டு அழிச்சுட்டீங்க. அவ என்ன சொன்னான்னு தெரியாமலே நான் சாகணும். அவ்வளவுதானே?"

"பாம்பனா?" ராமரின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. "எந்தப் பாம்பன் மாமா?"

"செய்தி! மலையாளச் செய்தி! என் பாலத்து மேல!"

ராமர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் குப்பை வண்டி ஓட்டறவன், அதுதான் மாமா என்கிட்டப் பேசறதில்லன்னு நினைச்சேன். சாப்பிடும்போகூட நான் தள்ளி உட்காருவேன். நாத்தம் அடிக்கும்னு."

அம்பிளியின் கால் ஆடுவது நின்றது. ஒன்பது வருஷமாக இந்த மனிதர் தள்ளி உட்கார்ந்ததை சுப்புராஜ் பார்த்திருக்கிறார். குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் தள்ளி உட்காருகிறது என்று கணக்குப் போட்டிருந்தார். இப்போதும் அந்தக் கணக்கை விட மனசு வரவில்லை.

"அப்ப யாரு அழிச்சா?" என்றார், குரல் இறங்கி.

குடையை உதறிக்கொண்டு சரோஜம்மா உள்ளே வந்தாள். சுள்ளிக்கல்லிலிருந்து நேராக வருகிறாள். ஒரு கையில் பலாப்பழத் துண்டு. எல்லார் முகத்தையும் பார்த்தாள், அறுந்த நாடாவைப் பார்த்தாள். சுப்புராஜைப் பார்த்ததும், ரொம்ப நாள் பழகியவரைப் பார்த்த மாதிரிச் சிரித்தாள்.

"ரயில்காரர் அல்லவா! என்ன பினு, எதுக்குச் சண்டை?"

"அந்த ஏழாவது கேசட்டு போச்சு அம்மே. குகைக்குள்ள அவங்க பேசினது இவருக்கு வேணும். அம்மை வெறும் இருட்டுன்னு எழுதியிருக்கு."

"இருட்டு படத்துக்குத்தானே எழுதினது? சத்தத்துக்கா?" சரோஜம்மா பலாப்பழத்தை மேஜைமேல் வைத்தாள். "நான் காதுல மாட்டியிருந்தேனே. கேமராவோட வாய்க்குப் பக்கத்துல வச்சுச் சொன்னாங்க பாவம். எல்லாம் கேட்டேன்."

சுப்புராஜ் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாளா?"

"நெஞ்சா?" சரோஜம்மா வாசலில் நனைந்துகொண்டு நிற்கும் ராமரை ஒரு தடவை பார்த்துவிட்டு, கோவில்பட்டிக்காரி மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டாள். "'பாம்பனை அழிச்சது மாப்பிள்ளை இல்லங்க, நான்தான், ஆசையா ஒரு தடவை தனியாப் போட்டுப் பாப்போம்னு போயி செவப்புப் பொத்தானை அமுக்கிட்டேன், அவர்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிடாதீங்க'ன்னு சொன்னாங்க, அதுக்கு நீங்க 'சரி, சரி'ன்னது நல்லாத் தெளிவாக் கேட்டுது."